என்னாலதான் விழுந்தாரு

இலவச சட்ட உதவிக்கு வந்திருக்கும் வழக்கறிஞர்கள் உங்கள் எல்லாருக்கும் இன்று ஒரு கையேடு கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு வரி: “கட்சிக்காரரின் விருப்பத்தைக் கேட்டறிந்து அதன்படி நடக்க வேண்டும்.” எழுதியவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவர் தனபாலைச் சந்தித்ததில்லை.

நான் சந்தித்திருக்கிறேன். அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். இலவச சட்ட உதவி என்றால் ஏழைக்கு வக்கீல் கிடைக்கவில்லை, நாம் போய் நின்றோம், நீதி கிடைத்தது என்று முடிந்துவிடும் என நீங்கள் நினைத்துக்கொண்டு வந்திருந்தால், இந்தக் கதை கொஞ்சம் எரிச்சலூட்டும். எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

அப்போது எனக்குத் தஞ்சோங் பகாரில் ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. வாரநாள்களில் அங்கே வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் செங்காங் வீட்டிலிருந்து ரயில் ஏறி லிட்டில் இந்தியாவுக்கு வந்து, இலவச ஆலோசனை சொல்ல இதே கடைவீட்டு மாடியில் உட்காருவேன். என்னோடு நித்யா என்ற இளம் வழக்கறிஞர் வருவார். வேகமானவர், கெட்டிக்காரர். பொறுமை மட்டும் கிடையாது. அதில் எனக்கும் அவருக்கும் நல்ல பொருத்தம்.

தனபால் மன்னார்குடிப் பக்கத்து ஆள். சிங்கப்பூருக்கு வந்து கப்பல் பட்டறையில் சாரம் கட்டுபவர். பூன் லே பக்கம் ஒரு தொழிலாளர் விடுதியில் இருந்தார். விடுதிப் பொதுச் சமையலறையில் மூன்று பேருக்குள் ஒரு சண்டை. யார் அடுப்பை யார் எடுத்துக்கொண்டது என்பதில் ஆரம்பித்தது. குமரேசன் என்பவர் கீழே விழுந்து அடுப்பு மேடையில் முகம் இடித்து, உதடு கிழிந்து, முன்பல் ஆடிப்போனது. காயம் விளைவித்ததாகத் தனபால்மேல் வழக்கு. கம்பெனி அவருடைய வேலை அனுமதியை ரத்து செய்துவிட்டது. வழக்கு முடியும்வரை வேலை செய்யவும் முடியாது, ஊருக்குப் போகவும் முடியாது. பிணையில் வந்து, ஒரு தொண்டு அமைப்பின் தங்குமிடத்தில் இருந்தார்.

முதல்நாளே அவர் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“மேடம், நான் ஒத்துக்கிறேன். சீக்கிரம் முடிச்சு அனுப்பிவிடச் சொல்லுங்க. வூட்ல மாசமா இருக்கா. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு இப்பதான் தங்கியிருக்கு. பொறக்கறப்போ நான் அங்க இருக்கணும்.”

“தம்பி, நீங்க அவரை அடிச்சீங்களா?”

“இல்லீங்க.”

“தள்ளி விட்டீங்களா?”

“இல்லீங்க. ஆனா என்னாலதான் விழுந்தாரு.”

போலீசிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். “என்னாலதான் விழுந்தாரு.” அது ஆங்கிலத்துக்குப் போனபோது “நான்தான் அவரை விழவைத்தேன்” என்று ஆகியிருந்தது. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்களே பெயர்த்துப் பாருங்கள். ஒருவர் தன் மனச்சுமையைச் சொல்வதற்கும், தன் கை செய்ததைச் சொல்வதற்கும் தமிழில் ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான் இருக்கிறது.

“அப்ப உங்களால எப்படி விழுந்தாரு?” என்று கேட்டேன்.

மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை விதமாகக் கேட்டாலும் அதே மேசைதான். சண்டையில் இருந்த மூன்றாவது ஆள் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டிருந்தார். காயம் எதுவும் இல்லாததால் அவரை யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை. சாட்சி தேடி நானும் நித்யாவும் பூன் லே விடுதிக்குப் போனோம். போனதற்குப் பலன், எல்லாரும் எங்களை மரியாதையாக உட்கார வைத்து மைலோ கலந்து கொடுத்தார்கள்.

“நான் அப்பதான் குளிக்கப் போயிருந்தேங்க” என்றார் ஒருவர். அடுத்தவரும் குளிக்கத்தான் போயிருந்தார். அதற்கடுத்தவரும். அந்தச் சண்டை நடந்த நேரத்தில் அந்த விடுதியே குளித்துக்கொண்டிருந்திருக்கிறது.

“இவங்க எல்லாருக்கும் தெரியும், மேடம். ஒருத்தரும் சொல்லமாட்டாங்க லா” என்று நித்யா பேருந்தில் பல்லைக் கடித்தார். எனக்கும் கோபம்தான். ஆனால் வேலை அனுமதி நம் கையில் இருக்கும்போது தைரியமாகப் பேசுவது சுலபம். அதை அவருக்குச் சொன்னேன். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டேன்.

விசாரணைக்குப் போகலாம், வழக்கில் வலு இருக்கிறது என்று தனபாலுக்கு எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார். “புரியுதுங்க” என்றார். சரி, ஒருவழியாக ஒப்புக்கொண்டார் என்று நினைத்தேன். நீதிமன்றத்தில் நாங்கள் எழுந்து நின்றதும், நான் வாய் திறப்பதற்கு முன்பே மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, “ஐயா, குத்தத்த ஒத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டார்.

நீதிபதி என்னைப் பார்த்தார். நான் தனபாலைப் பார்த்தேன். தனபால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனபால் குமரேசனை அடித்துத் தள்ளினார் என்று அரசுத் தரப்பு சம்பவத்தைப் படித்தது. அதை ஒப்புக்கொள்கிறீர்களா என்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

“ஒத்துக்கிறேங்க ஐயா. ஆனா நான் அடிக்கலீங்க.”

அவ்வளவுதான். குற்றத்தை ஒப்புக்கொள்பவர் ‘ஆனா’ போடக் கூடாது. சம்பவத்தை மறுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டால் எந்த நீதிபதியும் அதை ஏற்கமாட்டார். இந்த நீதிபதி பொறுமைசாலி. “உங்கள் கட்சிக்காரரிடம் பேசிவிட்டு வாருங்கள்” என்று கொஞ்ச நேரம் கொடுத்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் நித்யா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். “மேடம், அவரே கில்ட்டின்னு ஒத்துக்கணும்னு சொல்றாரு. அந்த ‘ஆனா’ மட்டும் வேண்டாம்னு சொல்லிடலாம். அவருக்கு வேண்டியது அதுதானே? நம்ம யாரு லா தடுக்க?”

அவர் சொன்னதில் தவறே இல்லாததுபோல் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். ஒரே ஒரு சொல்லை விழுங்கச் சொன்னால் போதும். நீதிபதிக்கு நிம்மதி, அரசுத் தரப்புக்கு நிம்மதி, எனக்கு மதியச் சாப்பாட்டுக்கு அலுவலகம் திரும்பிவிடலாம். தனபாலுக்கும் அதுதான் விருப்பம். கையேட்டின்படியும் சரி. அந்த வராந்தாவில் என்னைத் தவிர எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

நான் தனபாலிடம் போனேன். “தம்பி, ஜட்ஜ் உங்க மனசுல என்ன இருக்குன்னு கேக்கல. உங்க கை என்ன பண்ணுச்சுன்னு கேக்கறாரு. தள்ளினீங்களா?”

அவர் சொல்ல முயன்றார். வாய் திறந்தது. ‘தள்ளினேன்’ என்ற சொல் வரவில்லை.

“புடிச்சு இழுத்தேன்” என்றார் கடைசியில்.

“எதுக்கு?”

“அது வேணாம் மேடம்.”

“வேணாம்னா? உங்களுக்காகத்தானே நான் இங்க நிக்கறேன்?”

அதுவரை குரலை உயர்த்தாத மனிதர் அப்போதுதான் உயர்த்தினார். “நீங்க சாயங்காலம் ஒங்க வூட்டுக்குப் போயிடுவீங்க மேடம். நானும் என் வூட்டுக்குத்தான் போவணுங்கறேன். ஜெயிலுன்னா எத்தன நாளுன்னாச்சும் சொல்லிடுவாங்க. இதுக்கு யாரு சொல்றா?”

அதற்கு முன்பு ஒருமுறை வெளிநாட்டு மாநாடு ஒன்றில் இதே வேலையைச் செய்யும் வழக்கறிஞர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒருவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர், ஒருவர் தென் அமெரிக்காவிலிருந்து. நாடு வேறு, சட்டம் வேறு. ஆனால் எல்லாரிடமும் இதே புலம்பல்: தண்டனையைவிடக் காத்திருப்பு நீளமாக இருந்தால், செய்யாதவரும் செய்தேன் என்பார். நான் அங்கே தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அந்த வராந்தாவில் தனபால் அதை என் முகத்துக்கு நேராகச் சொன்னபோது தலையாட்ட முடியவில்லை.

“எவ்வளவு நாளாகும்னு எனக்குத் தெரியாது” என்றேன். “பொய் சொல்ல மாட்டேன். குழந்தை பிறக்கறதுக்குள்ள முடியாமலும் போகலாம். ஆனா செய்யாத ஒண்ணைச் செஞ்சேன்னு நீங்க சொல்றதுக்கு என்னால பக்கத்துல நின்னு உதவி பண்ண முடியாது. வேற வக்கீல் வேணும்னா சொல்லுங்க, நானே ஏற்பாடு பண்றேன். கோவிச்சுக்க மாட்டேன்.”

நீதிமன்றக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, “வேற வக்கீலும் இதையேதான கேப்பாங்க?” என்றார்.

“நல்லவங்களா இருந்தா கேப்பாங்க.”

“சரி, நீங்களே பாருங்க” என்றார். நம்பிக்கையில் சொன்னதல்ல. அலுப்பில் சொன்னது. வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அதற்கடுத்த ஞாயிறு. மாடியில் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு காப்பி குடிக்கலாம் என்று பஃபலோ ரோடு பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போனேன். ஒரு மேசையில் தனபால். அவருக்கு எதிரே, உதட்டில் தையல் தழும்போடு ஓர் ஆள். தனபால் இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, சாம்பாரில் ஊறவைத்து, தட்டை அந்த ஆள் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் குமரேசன். வழக்கின் முக்கியச் சாட்சி. சாட்சியோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பிணை நிபந்தனை. மீறினால் பிணை ரத்தாகி உள்ளே போக வேண்டியதுதான். அதைவிட மோசம், இனி குமரேசன் தனபாலுக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொன்னாலும், இட்லி வாங்கிக் கொடுத்துச் சொல்ல வைத்ததாகத்தான் ஆகும்.

கடையென்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். “தனபால்! என்ன பண்றீங்க இங்க? உங்களுக்கு என்ன சொல்லியிருக்கு?”

அவர் பதறி எழுந்தார். “தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொன்னாங்க மேடம். நான் தொந்தரவு பண்ணலீங்க. பல்லு வலியில மெல்ல முடியல அவரால. இட்லிதான் வாங்கிக் குடுத்தேன்.”

நிபந்தனையை யாரோ அவருக்கு அப்படித்தான் விளக்கியிருக்கிறார்கள். நானும் என் பங்குக்கு, “பெயில் கண்டிஷன் தெரியும்ல?” என்று கேட்டிருந்தேன். “தெரியுங்க” என்றிருந்தார். அவருக்குத் தெரிந்தது அது.

நான் அவரை வெளியே போகச் சொல்வதற்குள் குமரேசன் பேச ஆரம்பித்துவிட்டார். “அக்கா, இவர ஏன் திட்றீங்க? இவரு அடிச்சாருன்னு நான் சொல்லவே இல்லியே. மூஞ்சில அடிபட்டுச்சுன்னுதான் சொன்னேன். வாயெல்லாம் வீங்கி இருந்துச்சு. எண்ணெய்ச் சட்டிய நான்தான்க்கா தூக்கினேன். கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. என்னோட சண்ட போட்டுட்டு ஊருக்குப் போயிட்டானே, அந்தாளு மேல ஊத்தியிருப்பேன். இவரு பக்கத்துலேருந்து சட்டையப் புடிச்சு இழுக்கலன்னா…”

“நிறுத்துங்க” என்று இரண்டு கைகளையும் தூக்கினேன். பக்கத்து மேசையில் சாப்பிட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ‘எதுக்கு இழுத்தீங்க’ என்ற கேள்விக்குத் தனபால் ஏன் வாய் திறக்கவில்லை என்று. எண்ணெய்ச் சட்டியைப் பற்றிச் சொன்னால் குமரேசன் மாட்டிக்கொள்வார். வேலை போய்விடும். ஒரு பல்லுக்குத் தானே காரணம் என்று மருகிக்கொண்டிருந்தவர், அதற்குமேல் அவருடைய பிழைப்பு போவதற்கும் காரணமாக விரும்பவில்லை. இதை வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றிருக்கிறார். அவரைப் பாராட்டத் தோன்றவில்லை, உலுக்கத்தான் தோன்றியது.

“குமரேசன், நான் இவருக்கு வக்கீல். உங்களுக்கு இல்ல. நீங்க இப்ப சொன்னது உங்களுக்கே ஆபத்தா முடியலாம். எங்கிட்ட இனி ஒரு வார்த்தையும் சொல்லாதீங்க.”

“அப்ப போலீஸ்ல போய்ச் சொல்லவா?”

“சொல்லுங்கன்னும் நான் சொல்ல முடியாது, சொல்லாதீங்கன்னும் சொல்ல முடியாது.”

“அப்ப என்னதான்க்கா சொல்றீங்க?”

நியாயமான கேள்வி. “நாங்க உக்கார்ற கடைவீட்டு மாடியில எனக்குச் சம்பந்தமில்லாத வேற வக்கீல் ஒருத்தர் இருக்காங்க. அவங்களைப் போய்ப் பாருங்க. அவங்க உங்க நல்லதை மட்டும் பார்த்து யோசனை சொல்லுவாங்க. நாங்க ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசிக்கவே மாட்டோம்.”

அவர் இட்லித் தட்டை வைத்துவிட்டு எங்கள் மாடிக்குப் போனார். அந்த அறையில் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதிரில் இருப்பவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், உங்கள் கட்சிக்காரருக்கு அவர் வாயால் எவ்வளவு நன்மை வரும் என்று தெரிந்தாலும், அவரை உங்கள் நாற்காலிக்கு எதிரே உட்காரவைக்காதீர்கள். அவருக்கும் ஒரு பிழைப்பு இருக்கிறது. அதற்கும் ஒருவர் வேண்டும்.

அன்று மாலை நானும் நித்யாவும் சண்டை போட்டோம். வழக்கைக் கைவிடும்படி அரசுத் தரப்புக்கு ஒரு முறையீடு எழுத வேண்டும். அதில் அந்தச் சாப்பாட்டுக் கடை விஷயத்தையும் எழுதப்போகிறேன் என்றேன்.

“மேடம், ஆர் யூ சீரியஸ்? அவங்களுக்குத் தெரியவே தெரியாது. நம்மளே போய் அவரை மாட்டிவிடறதா? பெயில் போயிடும்!”

“குமரேசன் போலீசுக்குப் போனா முதல் கேள்வியே, தனபாலைப் பார்த்தியான்னுதான் இருக்கும். அவர் பொய் சொல்லத் தெரியாத ஆளு. இட்லி வரைக்கும் சொல்லிடுவாரு. அவங்க வாயால வந்தா அது மிரட்டல், லஞ்சம். நம்ம வாயால முதல்ல வந்தா அது வெறும் இட்லி.”

“போகலைன்னா?”

“போகலைன்னா வீணா சொன்னதா ஆகும்.”

அந்த வாய்ப்பு நிஜமாகவே இருந்தது. தனபாலின் சம்மதம் இல்லாமல் எழுத முடியாது. அவரைக் கூப்பிட்டு, நடக்கக்கூடிய எல்லாவற்றையும், பிணை போகலாம் என்பது உட்பட, ஒவ்வொன்றாகச் சொன்னேன். இந்த முறை ‘புரியுதா’ என்று கேட்கவில்லை. “நான் சொன்னதை நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க” என்றேன். திருப்பிச் சொன்னார். சரியாகச் சொன்னார்.

“நடந்ததுதான, எழுதுங்க” என்றார்.

எழுதினேன். பிறகு காத்திருப்பு. தனபால் தினமும் கூப்பிடுவார். “ஏதாச்சும் வந்துச்சாக்கா?” மேடம் போய் அக்கா ஆகியிருந்தேன், அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. வரவில்லை என்பேன். “சரிங்கக்கா” என்பார். ஒருநாள் அவர் கூப்பிடவில்லை. மறுநாள் கூப்பிட்டு, “பொண்ணு பொறந்திருக்கு” என்றார். வாழ்த்துச் சொன்னேன். அன்று ‘ஏதாச்சும் வந்துச்சா’ என்று அவர் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் அரசுத் தரப்பு வழக்கறிஞர் தொலைபேசியில் அழைத்தார்.

“உங்கள் கட்சிக்காரர் சாட்சிக்கு இட்லி வாங்கிக் கொடுத்தது உண்மைதானா?”

“உண்மைதான்.”

“ஊறவைத்தா?”

“சாம்பாரில்.”

மறுமுனையில் எழுதிக்கொள்ளும் சத்தம். “குமரேசனும் தானாக வந்து அதையேதான் சொன்னார். எண்ணெய்ச் சட்டியையும் சொன்னார். உங்கள் கடிதம் அதற்கு முன்பே வந்திராவிட்டால் நான் இதை வேறு விதமாக எடுத்துக்கொண்டிருப்பேன்.”

வழக்கு கைவிடப்பட்டது. குமரேசனைக் கடுமையாக எச்சரித்து விட்டுவிட்டார்கள். அவருடைய வேலை தப்பியது.

நீதிமன்றத்தில் அது நடந்து முடிய காப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. வராந்தாவுக்கு வந்ததும் தனபால் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். வெள்ளைத் துணியில் சுற்றிய முகம். கண் திறக்கவில்லை.

“அப்படியே உங்க ஜாடை, அண்ணா” என்றார் நித்யா.

தனபால் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அன்னிக்கே ஒத்துக்கிட்டிருந்தா இவ பொறக்கறப்போ பக்கத்துல இருந்திருப்பேன்ல அக்கா?”

குரலில் கோபம் இல்லை. கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். நித்யா வேகமாக ஆரம்பித்தார். “இல்லண்ணா, இப்ப உங்களுக்குக் குத்தவாளின்னு ரெக்கார்ட் கிடையாது, மறுபடி இங்கேயே வேலைக்கு வரலாம்…” நான் அவர் தோளில் கை வைத்து நிறுத்தினேன். அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை.  மறுபடி அதே வராந்தாவில் நின்றால் நான் அதையேதான் செய்வேன் என்பது மட்டும் தெரியும். அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உங்களிடமும் ஒருநாள் யாராவது இப்படிக் கேட்பார்கள். அப்போது சட்டம் பேசாதீர்கள். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

தனபால் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படிக்கட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தார். அங்கே, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்த குமரேசன், மேலே வரலாமா கூடாதா என்று தெரியாமல் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

“அக்கா,” என்றார் தனபால், மிகவும் எச்சரிக்கையாக, “இப்ப நான் அவருகிட்ட பேசலாம்ல?”

“போங்க தம்பி,” என்றேன். “போய் நல்லாப் பேசுங்க.”